இடிபாடுகளின் நடுவே ஒரு வாசஸ்தலம்

ஒழுக்கத்தில் தவறியோ, விசுவாசத்தில் தளர்ந்தோ, தாங்கவொண்ணாத துயரத்தால் மனம் ஒடிந்தோ, தன் உள்வாழ்வு சிதைந்து கிடப்பதைக் கண்டுகொண்ட ஒருவர், முதலில் தம்மைச் செப்பனிட்டுக்கொண்டு பிறகு கடவுளின் சந்நிதியை நாடுவோம் என்று நினைப்பது மனித இயல்பு. அந்த நினைப்பில் பணிவும் அச்சமும் கலந்திருப்பதால் அது பக்தியின் சாயலையே பெற்றுவிடுகிறது. நெடுங்காலம் ஆலயத்தின் பக்கமே வராதிருக்கிற ஒருவரிடம் காரணம் கேட்டால், தமக்கு இன்னும் தகுதி வரவில்லை என்றே பெரும்பாலும் பதில் சொல்வார். ஆயினும் கிறிஸ்தவ வேதத்தில், இடிந்ததைத் திரும்பக் கட்டும் வரலாறு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இந்த வரிசை மாறியே இருக்கிறது. கடவுள் அங்கே கட்டடம் முடியும்வரை காத்திருப்பதில்லை. இடிபாட்டின் நடுவிலேயே முதலில் வந்து நின்று, தம் பிரசன்னத்தினாலேயே கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கிறார். இந்த உண்மையை விளங்கிக்கொள்ள எருசலேம் நகரத்தின் சரித்திரத்தைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படைகள் கி.மு. 586ஆம் ஆண்டளவில் எருசலேமைப் பிடித்து, சாலொமோன் கட்டிய தேவாலயத்தைத் தீக்கிரையாக்கின. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, அந்த ஆலயம் இன்னும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்த காலத்திலேயே, சிறைப்பட்டுப் பாபிலோன் நாட்டில் கேபார் நதியருகே வாழ்ந்த எசேக்கியேல் என்னும் ஆசாரியர் ஒரு தரிசனம் கண்டார். கடவுளின் மகிமை கேருபீன்களை விட்டெழுந்து ஆலயத்தின் வாசற்படிக்கு வருகிறது. அங்கிருந்து கிழக்கு வாசலுக்குச் செல்கிறது. பின்பு நகரத்தையும் விட்டு, கிழக்கேயுள்ள மலையின்மேல் போய் நிற்கிறது. கட்டடம் குறைவின்றி நின்றது. அதில் வாசம் செய்தவரோ புறப்பட்டுவிட்டார். எருசலேமில் எஞ்சியிருந்தவர்களோ, நாடுகடத்தப்பட்டவர்கள் கர்த்தருக்குத் தூரமாய்ப் போய்விட்டார்கள், தேசம் நமக்கே உரியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு மறுமொழியாகவே, சிதறிப்போனவர்களுக்கு அவர்கள் போன நாடுகளில் தாமே ஒரு சிறிய பரிசுத்த ஸ்தலமாக இருப்பதாகக் கடவுள் தீர்க்கதரிசி மூலமாய் அறிவித்தார். ஆலயமும் பலிபீடமும் சொந்த நிலமும் அற்றவர்கள் நடுவில் கடவுள் குடியிருக்கிறார் என்ற இந்த எண்ணம், அந்நாளில் கேட்டவர்களுக்கு எத்தனை புதுமையாக இருந்திருக்கும்! கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைத் தந்து, தம் ஆவியை உள்ளத்தில் வைப்பதாக அதே எசேக்கியேல் பிற்பாடு உரைத்த வாக்குறுதிக்கு இதுவே அடித்தளம்.

பாரசீக மன்னன் கோரேசு கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றியபின், யூதர்கள் தங்கள் நாட்டிற்குத் திரும்பலாம் என்று ஆணை பிறந்தது. 1879இல் பாபிலோனின் இடிபாடுகளில் கண்டெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அம்மன்னனுடைய களிமண் உருளை, யூதரின் பெயரைக் குறிப்பிடாவிட்டாலும், பல ஊர்த் தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடங்களுக்கு அவன் திருப்பியனுப்பிய கொள்கைக்குச் சாட்சியாக நிற்கிறது. திரும்பியவர்கள் 42,360 பேர் என்றும், அவர்களோடு வந்த வேலைக்காரர் 7,337 பேர் என்றும் எஸ்றாவின் புத்தகம் கணக்குச் சொல்கிறது. அவர்கள் முதலாவது செய்தது என்ன என்பதை நாம் கவனிக்கவேண்டும். நகரைச் சுற்றி மதில் இல்லை, அக்கம்பக்கத்து மக்களால் ஆபத்து உண்டு, ஆலயத்துக்கு அஸ்திவாரமும் போடப்படவில்லை; அந்த நிலையில், பயத்தோடேயே, பழைய பலிபீடம் நின்ற இடத்தில் அதை மறுபடியும் எழுப்பி ஆராதனையைத் தொடங்கினார்கள். பாதுகாப்பு முதலில், வழிபாடு பிறகு என்று எந்த உலக அறிவும் சொல்லியிருக்கும். அவர்களோ வெட்டவெளியில், இடிந்த கற்குவியலின் நடுவில், பலி செலுத்தினார்கள்.

மறு ஆண்டு அஸ்திவாரம் இடப்பட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்ணாரக் கண்டிருந்த முதியவர்கள் வாய்விட்டு அழுதார்கள், இளையவர்கள் ஆர்ப்பரித்தார்கள், அழுகையின் சத்தம் எது, மகிழ்ச்சியின் சத்தம் எது என்று பகுத்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டது. விழுந்து எழுந்த எந்த ஆத்துமாவும் இந்தக் கலப்பை அறியும். இழந்தது திரும்ப அப்படியே வருவதில்லை. வருவது வேறொன்று, சிறியதாகத் தோன்றுவது.

பிறகு எதிர்ப்பு வந்தது. வேலை ஏறக்குறைய 16 ஆண்டுகள் நின்றுபோயிற்று. கி.மு. 520இல், தரியு மன்னனின் இரண்டாம் ஆண்டில், ஆகாய் தீர்க்கதரிசி எழுந்து, மச்சுப்பாவிய வீடுகளில் தாங்கள் குடியிருக்கையில் ஆலயம் பாழாய்க் கிடக்கிறதே என்று ஜனங்களைக் கடிந்துகொண்டார். ஆலயக் கட்டட நிதிக்காகப் பிரசங்கிக்கையில் இந்தக் கடிந்துரையை எடுத்தாளுவதை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதை அடுத்து வரும் செய்தி, அதாவது எனக்கு உயிர்நாடியாகத் தோன்றும் செய்தி, பெரும்பாலும் வாசிக்கப்படாமலே போய்விடுகிறது. கடிந்துரை ஆறாம் மாதம் முதல் தேதியில் வந்தது. வேலை தொடங்கியது அம்மாதம் 24ஆம் தேதியில். இடையிலே, ஒரு கல்லும் எடுத்துவைக்கப்படாத அந்நாட்களில், தாம் அவர்களோடு இருப்பதாகக் கடவுள் சொல்லியனுப்பினார். அதன்பின்னரே அதிபதியான செருபாபேலின் ஆவியும், பிரதான ஆசாரியனான யோசுவாவின் ஆவியும், ஜனங்களின் ஆவியும் எழுப்பப்பட்டன. அடுத்த மாதத்தில், புதிய கட்டடம் பழையதன்முன் ஒன்றுமில்லாததுபோலத் தோன்றி அவர்கள் சோர்ந்தபோது, எகிப்திலிருந்து புறப்பட்ட நாளில் செய்த உடன்படிக்கையின்படி தம் ஆவி அவர்கள் நடுவில் நிலைகொண்டிருப்பதாகவும் அறிவித்தார். கவனியுங்கள்: நிலைகொள்ளப்போவதாக அல்ல, ஏற்கெனவே நிலைகொண்டிருப்பதாக.

அந்தப் பிரசன்னத்துக்குக் கண்ணால் காணும் அடையாளம் ஏதும் இருக்கவில்லை: கி.மு. 515இல் நிறைவேறிய அந்த ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தில் உடன்படிக்கைப் பெட்டி இல்லை. அது பாபிலோனிய அழிவோடு மறைந்துபோயிற்று. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு அந்த ஸ்தலத்துக்குள் துணிந்து நுழைந்தபோது, அங்கே எந்தத் தெய்வத்தின் உருவமும் காணப்படவில்லை, வெறுமையான அறைதான் இருந்தது என்று ரோமச் சரித்திராசிரியர் தாசித்து எழுதிவைத்திருக்கிறார்.

ஆலயம் எழுந்து 70 ஆண்டுகள் கடந்தும் நகரத்தின் அலங்கம் இடிந்தே கிடந்தது. சூசான் அரண்மனையில் அர்தசஷ்டா மன்னனுக்குப் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியா, அச்செய்தியைக் கேட்டு உட்கார்ந்து அழுது, சில மாதங்கள் உபவாசித்து ஜெபித்து, அரசனிடம் உத்தரவு பெற்று, கி.மு. 445இல் எருசலேம் வந்துசேர்ந்தார். வந்து மூன்று நாளான பின், இரவிலே, சில மனிதரை மாத்திரம் உடன் அழைத்துக்கொண்டு, தம் கடவுள் தம் மனதில் வைத்ததை ஒருவருக்கும் வெளியிடாமல், இடிந்த மதிலை வாசல் வாசலாகச் சுற்றிப்பார்த்தார். ராஜாவின் குளத்தண்டை அவர் ஏறியிருந்த மிருகம் கடந்துபோக இடமில்லாதபடி கற்கள் குவிந்து கிடந்தன. 1961 முதல் 1967 வரை அங்கே அகழாய்வு நடத்திய காத்லீன் கென்யான் அம்மையார், கிழக்குச் சரிவில் சரிந்து கிடந்த பெருங்கற்குவியலைக் கண்டு, நெகேமியாவின் வழியை மறித்தது இதுவே எனக் கருதினார். சீர்திருத்த ஆவேசத்தில் ஊரைக் கூட்டி முழங்குவதற்கு முன்னால், தன் வாழ்வு எங்கெங்கே இடிந்திருக்கிறது என்பதை இப்படித் தனிமையில், மறைக்காமல், மிகைப்படுத்தாமல் சுற்றிப்பார்க்கும் ஒரு பழக்கம் நமக்குத் தேவை. அதற்கு வேண்டிய துணிவு வெறுங்கையாக வருவதில்லை. கடவுள் மனதில் ஒன்றை வைத்தபிறகே நெகேமியா அந்த இரவில் புறப்பட்டார்.

மதில் வேலை தொடங்கியதும் அவரைப் பரிகசித்த சன்பல்லாத்து என்ற எதிரி, வெந்துபோன மண்மேடுகளிலிருந்து இவர்கள் கற்களுக்கு உயிர்கொடுப்பார்களோ என்று கேட்டான். அந்தப் பரிகாசத்தில் கொத்தனாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயம் ஒன்று உண்டு: எருசலேமின் கட்டடக்கல் சுண்ணாம்புக்கல், கடும் நெருப்பில் வெந்தால் அது உறுதி இழந்து உதிரும். ஆனாலும் கையிலிருந்தது அந்தக் கல்தான். 52 நாளில் அதைக்கொண்டே மதில் எழுந்தது. ஆத்துமாவின் ஜீர்ணோத்தாரணத்திலும் இதுவே நடைபெறக் காண்கிறோம். கடவுள் வேறெங்கிருந்தோ பழுதில்லாத ஒரு வாழ்க்கையைக் கொண்டுவந்து வைப்பதில்லை. வீணான ஆண்டுகளும், வெட்கத்துக்குரிய நினைவுகளும், குணக்கேடுகளால் பட்ட காயங்களுமே அவர் கையில் கற்களாகின்றன. எஜமானை மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடமே சகோதரரைத் திடப்படுத்தும் வேலை ஒப்படைக்கப்பட்டது. விசுவாசிகள் ஜீவனுள்ள கற்களாய் ஆவிக்குரிய மாளிகையாகக் கட்டப்படுவதைப் பற்றிப் பேசும் நிருபம் வழங்குவதும் அவர் பெயராலேயே.

மதில் வேலையில் சேர்ந்தவர்களின் பட்டியலைப் பொறுமையோடு வாசிப்பவர்கள் சிலரே. ஆயினும் நெகேமியாவின் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிரியமான அதிகாரம் அதுதான். தட்டாரும், பரிமளதைலம் செய்வோரும், வியாபாரிகளும் கல்லெடுத்தார்கள். சல்லூம் என்ற தலைவன் தன் குமாரத்திகளோடு சேர்ந்து வேலை செய்தான். தெக்கோவா ஊர்ப் பிரபுக்களோ கழுத்தைக் கொடுக்க மறுத்தார்கள். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயிருந்த பகுதியையே கட்டினார்கள் என்று அந்தப் பட்டியல் மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறது. உலகத்தைத் திருத்தும் பொறுப்பை ஒருவன் தலையிலும் சுமத்தாமல், அவரவர் வாசலுக்கு நேரே இடிந்திருப்பதை அவரவரிடம் கொடுத்தார்கள். மனைவியிடம் பேசும் பேச்சு, கூலியாளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி, சகோதரனோடு வளர்ந்த பகை என்று நமக்கும் வாசலுக்கு நேரே கிடப்பவை உண்டு.

பன்னிரண்டு ஆண்டுக்காலம் அதிபதியாயிருந்து, மன்னனிடம் சென்று, சில காலத்துக்குப் பின் நெகேமியா திரும்பிவந்தபோது கண்ட காட்சி ஒன்றுண்டு. ஆலயத்தில் காணிக்கைகளும், தூபவர்க்கமும், பணிமுட்டுகளும், லேவியருக்குரிய தசமபாகமும் வைக்கப்பட்டிருந்த பெரிய அறையை, ஆசாரியனாகிய எலியாசிபு, ஆரம்பமுதல் அந்தத் திருப்பணிக்கு விரோதியாயிருந்த தொபியாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு, அறைகளைச் சுத்திகரிக்கச் செய்து, எடுத்துவிட்டவற்றை மறுபடியும் உள்ளே வைத்தார். அந்த அறை பறிபோனதால் விளைந்ததும் சிறிதல்ல. பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் தத்தம் வயல்களுக்கு ஓடிப்போய்விட்டார்கள், ஆராதனை ஓய்ந்துபோயிற்று. வெளியிலிருந்து மதிலைத் தாக்கியபோது தோற்றவன், உறவும் தாட்சணியமும் காரணமாக உள்ளே ஓர் அறையைப் பெற்றுக்கொண்டான். பணத்தாசைக்கோ, பழைய பகைக்கோ, மறைவான இச்சைக்கோ நாம் ஓர் அறையை விட்டுக்கொடுப்பதும் பெரும்பாலும் இந்த வகையில்தான் நிகழ்கிறது. எதிரியாக அன்று, வேண்டியவராகவே அது உள்ளே வருகிறது. எனினும் அந்த அறையைக் காலிசெய்வதற்குக் காரணம், கடவுளை உள்ளே வரவழைப்பதன்று. வீடு ஏற்கெனவே அவருடையது. அதனாலேயே தொபியாவின் சாமான்களுக்கு அங்கே இடமில்லை.

ஸ்பெயின் தேசத்துத் துறவி அவிலாவின் தெரேசம்மாள், உடல்நலம் குன்றிய நிலையில், 1577ஆம் ஆண்டில் எழுதிய 'உள்ளரண்' நூலில், ஆத்துமாவை ஒரு தூய படிகக் கோட்டையாகவும், அதன் நடுவறையில் அரசர் வாசம் செய்வதாகவும் விவரித்து, மனிதரில் பலர் அந்தக் கோட்டையின் வெளிமுற்றத்திலேயே காலம் கழித்துவிடுகிறார்கள் என்று வருந்துகிறார். ஆத்துமா கொடும் பாவத்தில் விழுந்த வேளையிலும் நடுவிலுள்ள அந்தச் சூரியன் அணைவதில்லை, படிகத்தின்மேல் கருந்துணி போர்த்ததுபோல ஒளிதான் தடைபடுகிறது என்பது அவர் கொள்கை. அவருக்கு நெடுங்காலம் முன், 4ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தம் 'அறிக்கைகள்' நூலை எழுதத் தொடங்கிய அகுஸ்தீனு, முதற்பகுதியிலேயே, தம் ஆத்துமாவின் வீடு இறைவன் நுழைவதற்கு மிகக் குறுகியதென்றும் பாழடைந்ததென்றும் ஒத்துக்கொண்டு, அதை விசாலமாக்கவும் செப்பனிடவும் அவரையே வேண்டுகிறார். செப்பனிட்டபின் அழைக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.

கடவுள் உள்ளத்தில் வாசம் செய்கிறார் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது, மனித ஆத்துமா கடவுளின் ஓர் அம்சம் என்றோ, மனிதன் கடவுளாகிவிடுகிறான் என்றோ பொருள்கொள்வதில்லை. கிறிஸ்துவை விசுவாசித்தவரிடத்தில் பரிசுத்த ஆவியானவர் தங்கி, பேசி, கடிந்து, தேற்றி, உடனிருக்கிறார் என்பதே அவர்கள் போதனை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அந்த வாசத்தின் கனியாக அன்பு, சந்தோஷம், சமாதானம் முதலிய ஒன்பதைக் கூறுகிறார். அவை முற்றிப் பழுக்கும்வரை வேறு அடையாளமே இல்லையா என்று கலங்குகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: குடியிருப்பவர் இல்லாத வீட்டில் கூரை ஒழுகினால் வருந்த ஆளில்லை, தன் சிதைவைக் கண்டு ஓர் ஆத்துமா நோவதே, அங்கே ஒருவர் குடியிருக்கிறார் என்பதற்குச் சாட்சி.

எருசலேமின் அந்த ஆலயத்தை மிகப் பெரிதாக விரித்துக் கட்ட ஏரோது மன்னன் தொடங்கிய வேலை இயேசுவின் நாளிலும் முடியவில்லை. 46 ஆண்டுகளாக வேலை நடப்பதாக யூதர் சொன்னபோது, இடித்தாலும் மூன்று நாளில் தாம் எழுப்பப்போகும் ஆலயமாக இயேசு பேசியது தம் சரீரத்தைப் பற்றியே என்று யோவான் விளக்குகிறார். கி.பி. 70இல் தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, அந்த ஆலயத்தில் பலிகள் தவறாமல் நடந்துவந்த நாட்களிலேயே, பவுல் எபேசுவிலிருந்து கொரிந்துச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் எழுதிய ஊரில், பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாகிய தியானாள் கோயில் நின்றது. எழுதப்பட்ட ஊரில் அப்பொல்லோவின் கோயில் நின்றது, அதன் தூண்களில் ஏழு இன்றும் நிற்கின்றன. கொரிந்தே இடிந்து எழுந்த நகரம்: கி.மு. 146இல் ரோமத் தளபதி முமியு அதைத் தரைமட்டமாக்கினான், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதைத் திரும்ப நிறுவ ஆணையிட்டு, விடுதலைபெற்ற அடிமைகள் பலரை அங்கே குடியேற்றினான்.

அந்தக் கொரிந்துச் சபையின் நிலையை நினைத்துப் பாருங்கள். பவுலின் கட்சி, அப்பொல்லோவின் கட்சி, கேபாவின் கட்சி என்று பிளவு. சகோதரன்மேல் சகோதரன் நீதிமன்றத்தில் வழக்கு. புறமதத்தாரும் கூசும் முறைகேடான ஓர் உறவு. கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திப் புசித்து வெறிகொள்ள, ஏழைகள் பசியோடு நிற்கும் அவலம். இத்தனையும் அறிந்தே பவுல், அவர்கள் கடவுளின் ஆலயமென்றும், அவருடைய ஆவி அவர்களுக்குள் வாசமாயிருக்கிறதென்றும், இது அவர்களுக்குத் தெரியாததா என்று வியந்து கேட்கும் பாவனையில் எழுதுகிறார். திருந்தினால் ஆலயமாவீர்கள் என்று அவர் சொல்லியிருந்தால், நாம் அதைச் சாதாரண அறிவுரையாகவே எடுத்துக்கொண்டிருப்போம். அவர் சொன்னதோ, ஆலயமாக இருப்பதனாலேயே திருந்தவேண்டும் என்பது. அஸ்திவாரம் கிறிஸ்துவே; அதன்மேல் பொன்னும் வெள்ளியும் வைத்தாலும், மரமும் புல்லும் வைக்கோலும் வைத்தாலும், அந்தந்த வேலையை அக்கினி சோதிக்கும் என்று எச்சரிக்கவும் அவர் தவறவில்லை.

அந்தக் கடிதத்தின் முடிவில் பவுல், எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காக வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் இயன்றதை எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறார். பின்னாளில் ரோமருக்கு எழுதுகையில், கொரிந்தை உள்ளடக்கிய அகாயா நாட்டார் மனமுவந்து அந்தத் தர்மசகாயத்தைச் செய்ததாகக் குறிப்பிடுகிறார். ஆனால் சண்டை ஒழிந்துவிடவில்லை. கி.பி. 96ஆம் ஆண்டளவில் கொரிந்துச் சபையார் தங்கள் மூப்பர்கள் சிலரை நியாயமின்றி நீக்கிவிட்டதாகக் கேள்வியுற்று, ரோமச் சபை ஒரு நீண்ட கண்டனக் கடிதம் விடுத்தது; கிளெமெந்து எழுதியதாக மரபு கூறும் அந்தக் கடிதம், அத்தனை பிளவின் நடுவிலும் அவர்களைக் கடவுளின் சித்தத்தினால் அழைக்கப்பட்டுப் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்றே விளித்துத் தொடங்குகிறது. அதைப் பெற்றவர்கள் கிழித்தெறியவில்லை. 70 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் சென்றபின், கி.பி. 170ஆம் ஆண்டளவில் அவ்வூர்க் கண்காணியான தியொனீசியு ரோமச் சபைக்கு எழுதிய மடலில், தங்கள் முன்னோரைக் கடிந்துகொண்ட அந்தக் கடிதம் தங்கள் சபையில் இன்னும் வாசிக்கப்பட்டு வருகிறது என்று தெரிவித்திருக்கிறார்.